அட்டையின் நிறம் பார்த்து அளக்கப்பட்ட அரிசி
மும்பைத் தமிழர்களைக் கரோனா கால நிவாரணம் எட்டிய விதம்

புது தில்லி: கரோனா நோய்த்தொற்றைத் தடுப்பதற்காக நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்த மறுநாள், அதாவது 2020 மார்ச் 26-ஆம் தேதி, ரூ. 1.70 லட்சம் கோடி மதிப்பிலான நிவாரணத் திட்டத்தை மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தில்லியில் அறிவித்தார். ஏழைகள் எவரும் பசியோடு இருக்க நேரக் கூடாது என்பதே அரசின் நோக்கம் என அவர் அப்போது தெரிவித்தார். அடுத்த ஆறாவது நாள், ஏப்ரல் 1-ஆம் தேதி, மும்பை தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் உயிரிழந்தார்.

இரண்டரைச் சதுர கிலோ மீட்டருக்கும் குறைவான பரப்பில் சுமார் 8.5 லட்சம் பேர் வாழும் தாராவியில் நோய் கட்டுப்படுத்தப்பட்ட கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசஸ் 2020 ஜூலை 10-ஆம் தேதி தாராவியை உலகுக்கே எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கு ஒருவருக்குக்கூடப் புதிதாகத் தொற்று பதிவாகவில்லை. மும்பை மாநகராட்சி ஊழியர்களும் அப்பகுதி மருத்துவர்களும் பெற்ற பாராட்டு நியாயமானதே.

எனினும், வேலையும் கூலியும் இன்றி பத்துக்குப் பத்தடி அறைகளுக்குள் முடங்கிக் கிடந்த குடும்பங்கள் அந்த மாதங்களில் எதை உண்டு வாழ்ந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அரசின் உதவி வரவில்லை என்று சொல்வதற்கில்லை, வந்தது. ஆனால், யாருக்குக் கஷ்டம் என்று கேட்டு வரவில்லை. யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்தே வந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் பலருக்கு அந்தப் பட்டியல் மும்பையில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சிலருக்கு இரண்டிலும் இடமில்லை.

பெயர் இருந்தால் பணம்

மத்திய அரசின் திட்டம் பல கூறுகளைக் கொண்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் 80 கோடி பேருக்கு, வழக்கமான ஒதுக்கீட்டுடன் கூடுதலாக நபருக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை இலவசம். குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு. ஜன் தன் வங்கிக் கணக்கு வைத்துள்ள பெண்களுக்கு மாதம் ரூ. 500 வீதம் மூன்று மாதங்கள். உஜ்வலா இணைப்பு பெற்ற 8 கோடி குடும்பங்களுக்கு இலவச எரிவாயு உருளை. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத் திறனாளிகள் மூன்று கோடிப் பேருக்குத் தலா ரூ. 1,000. விவசாயிகளுக்கு முன்கூட்டியே ரூ. 2 ஆயிரம், நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊதிய உயர்வு.

இவற்றில் கடைசி இரண்டும் கிராமத்துக்கானவை. உஜ்வலாவும் பெரும்பாலும் கிராமப்புறக் குடும்பங்களை மனதில் கொண்டு தொடங்கப்பட்டதே. நகரத்தில் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு மிஞ்சியவை அரிசி, பெண்கள் கணக்கில் விழும் 500 ரூபாய், கட்டடத் தொழிலாளர் நல நிதி ஆகிய மூன்றே. வேலையுறுதித் திட்டம் போன்ற ஒன்று நகரங்களுக்கு இல்லை என்பதை 2020 கோடைக்காலம் பளிச்செனக் காட்டியது.

ஜன் தன் பணம் ஏப்ரல் 3-ஆம் தேதி முதல் அனுப்பப்பட்டது. வங்கி வாசலில் கூட்டம் சேராதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0, 1 என முடிவோருக்கு முதல் நாள், 2, 3 என முடிவோருக்கு மறுநாள் என முறை வகுக்கப்பட்டது. நிர்வாக ரீதியில் பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால், கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அதுவும் ஜன் தன் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதே வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏழைப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த உதவியைப் பெற இயலாமல் போகக்கூடும் என அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஏப்ரலிலேயே எச்சரித்தனர். கணக்கு இருந்தவர்களிலும், சொந்த ஊர்க் கிளையில் தொடங்கிவிட்டு மும்பைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களது பற்று அட்டையோ கைப்பேசி இணைப்போ செயலிழந்திருந்தால் பணம் ஊரிலேயே கிடக்கும்.

கட்டடத் தொழிலாளர் நிதியின் நிலை இன்னும் விசித்திரமானது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தீர்வையாக வசூலிக்கப்பட்டு நல வாரியங்களில் சேர்ந்துவந்தது. நாடு முழுவதும் ரூ. 31 ஆயிரம் கோடி இருப்பதாக மத்திய நிதியமைச்சரே குறிப்பிட்டார். மகாராஷ்டிர அரசு 2020 ஏப்ரலில், பதிவு பெற்ற சுமார் 12 லட்சம் தொழிலாளர்களுக்குத் தலா ரூ. 2 ஆயிரம் வழங்க முடிவு செய்தது. பதிவு பெற வேண்டுமானால் கடந்த ஓராண்டில் 90 நாள்கள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். காலையில் நாக்காவில் நின்று, அன்றன்றைக்கு ஆள் பிடிக்க வரும் மேஸ்திரியுடன் செல்பவருக்கு யார் சான்று எழுதித் தருவார்? பெயர்கூடக் கேட்காமல் கூட்டிச்செல்லும் ஒப்பந்ததாரர்கள் கையெழுத்திட முன்வருவதில்லை. நாக்கா தொழிலாளி வேலை செய்த கட்டடத்துக்குத் தீர்வை வசூலாகியிருக்கும். அவருக்கு மட்டும் அதில் பங்கில்லை.

மஞ்சள், காவி, வெள்ளை

அரிசி விஷயம் தாராவியில் எல்லோரையும் தொட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் 1999 முதல் குடும்ப அட்டைகள் மூன்று நிறங்களில் வழங்கப்படுகின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு மஞ்சள். ஆண்டு வருமானம் ரூ. 15 ஆயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் உள்ளோருக்குக் காவி. அதற்கு மேற்பட்டோருக்கு வெள்ளை. 2014 பிப்ரவரியில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபோது, காவி அட்டைதாரர்களில் நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் ரூ. 59 ஆயிரத்துக்குள் உள்ளவர்கள் மட்டும் 'முன்னுரிமைக் குடும்பம்' எனத் தேர்வு செய்யப்பட்டு, அட்டையில் முத்திரை குத்தப்பட்டது. ஆக, ஒரே சந்தில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே காவி நிற அட்டை இருக்கும். ஒன்றில் முத்திரை இருக்கும், மற்றொன்றில் இருக்காது.

ஆண்டுக்கு 59 ஆயிரம் என்பது மாதத்துக்கு 5 ஆயிரத்தைக்கூடத் தொடாத தொகை. மும்பையில் கணவன் தோல் பட்டறையிலும் மனைவி நாலு வீட்டிலும் வேலை செய்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவார்கள். இருவரும் வேலை செய்து வளர்ந்த மகன் ஒருவனும் தையல் பட்டறைக்குப் போனால், வெள்ளை அட்டைக்கான ஒரு லட்சத்தையும் தாண்டிவிடலாம். அந்த வருமானம் முழுவதும் மார்ச் 25-ஆம் தேதி நின்றுபோனது. அட்டையின் நிறமோ மாறவில்லை.

மத்திய அரசின் இலவச 5 கிலோ, முத்திரை உள்ளவர்களுக்கே உரியது. எஞ்சிய காவி அட்டைதாரர்களுக்காக மகாராஷ்டிர அரசு தனியே ஓர் ஏற்பாடு செய்தது. 2020 மே, ஜூன் மாதங்களில் நபருக்கு 3 கிலோ கோதுமை கிலோ ரூ. 8-க்கும், 2 கிலோ அரிசி கிலோ ரூ. 12-க்கும் வழங்கப்பட்டன. ஐந்து பேர் கொண்ட குடும்பம் இதைப் பெற 240 ரூபாய் கொடுக்க வேண்டும். ஊதியமே இல்லாத மாதத்தில் அதுவும் ஒரு தொகைதான். ஏப்ரல் மாதத்துக்கு இந்தப் பிரிவினருக்கு ஏதும் இல்லை. வெள்ளை அட்டைதாரர்களுக்கு எந்த மாதமும் இல்லை.

இந்தக் கணக்கின் வேர் தில்லியில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை பேருக்கு மானிய விலை உணவு தானியம் என்ற உச்சவரம்பை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அது சுமார் 7 கோடி. நகர்ப்புற மக்களில் 45 சதவீதத்தினர் மட்டுமே உள்ளே வர முடியும். அந்த எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. மக்கள்தொகை பெருகியும் வரம்பு உயர்த்தப்படாததால், நாடு முழுவதும் 10 கோடிக்கும் அதிகமானோர் விடுபட்டுள்ளனர் எனப் பொருளாதார அறிஞர்கள் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2020-இல் கணக்கிட்டுக் கூறினர். முத்திரை கேட்டு விண்ணப்பிக்கும் மும்பைவாசிக்கு, இடம் காலியானால்தான் கிடைக்கும் என்ற பதில் வருவதன் காரணம் இதுவே. குற்றம் ரேஷன் கடைக்காரர் மீது சுமத்தப்படுவதுதான் வழக்கம்.

இரு மாநிலங்களுக்கு நடுவே

தமிழர்களின் நிலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது.

தமிழகத்தில் வருமானம் பார்த்து அரிசி மறுக்கப்படுவதில்லை. அரிசி அட்டை வைத்துள்ள அனைத்துக் குடும்பங்களுக்கும் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். இதனால் நிவாரணம் வழங்குவதும் எளிதாயிற்று. 2020 மார்ச் 24-ஆம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த ரூ. 3,280 கோடித் திட்டத்தின்படி, அரிசி அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 1,000 ரொக்கமும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவையும் விலையின்றி வழங்கப்பட்டன. வீடு வீடாக டோக்கன் கொடுக்கப்பட்டது. யார் ஏழை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து தாராவிக்குச் சென்றவர்களில் பலர் ஊரில் உள்ள அட்டையில் பெயரை நீக்காமலே வைத்திருந்தனர். ஊர் உறவு அறுந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். மும்பையில் புதிய அட்டை பெறுவதிலுள்ள சிரமம் இன்னொரு காரணம். ஊரில் தாயோ தந்தையோ அதே அட்டையில் இருந்தால் அவர்கள் ஆயிரம் ரூபாயைப் பெற்றுக்கொள்ள முடிந்தது. மும்பையில் இருந்து பணம் அனுப்பும் மகனுக்கு, ஊரில் இருந்து பெற்றோர் பணம் அனுப்பும் நிலை அந்த ஏப்ரலில் ஏற்பட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்த குடும்பங்களுக்கு டோக்கனைப் பெற்றுக்கொள்ளவே ஆளில்லை.

மும்பைக்குப் பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்குத் தமிழக அரசின் உதவி கிடையாது. மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு மகாராஷ்டிர அரசின் உதவி கிடையாது. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் அட்டை இருக்க முடியும். ஆனால், பொது முடக்கம் எல்லைகளை மூடியபோது, அட்டை ஓர் ஊரிலும் ஆள் ஓர் ஊரிலுமாக மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இரு அரசுகளிடமும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று கூறப்பட்ட 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' திட்டத்தில் மகாராஷ்டிரம் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட்டது. தமிழகம் இணைந்தது 2020 அக்டோபர் 1-ஆம் தேதி. அதாவது, மிகக் கடுமையான ஆறு மாதங்கள் கடந்த பிறகு. அப்போதும் அத்திட்டம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு மட்டுமே பொருந்தும். தமிழக அட்டைதாரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மாநில அரசின் சொந்தச் செலவில் அரிசி பெறும் 'முன்னுரிமையற்ற' பிரிவினர். அவர்களது அட்டைக்குத் தமிழக எல்லையைத் தாண்டினால் மதிப்பில்லை. அனைவருக்கும் அரிசி என்ற கொள்கையின் பெருமை ஒசூரோடு நின்றுவிடுகிறது.

எந்த அட்டையும் இல்லாதவர்கள் பற்றி தில்லி சிந்தித்தது 2020 மே 14-ஆம் தேதி. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் 8 கோடி பேருக்கு இரண்டு மாதங்களுக்குத் தலா 5 கிலோ தானியமும், குடும்பத்துக்கு ஒரு கிலோ கொண்டைக் கடலையும் வழங்க ரூ. 3,500 கோடி ஒதுக்கப்பட்டது. பின்னர் மாநிலங்கள் அளித்த விவரப்படி பயனாளிகள் சுமார் 2.8 கோடி பேர்தான் என மத்திய உணவு அமைச்சகம் தெரிவித்தது. எட்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவு, இந்தத் தொழிலாளர்களை அரசு எந்த அளவுக்கு அறிந்திருந்தது என்பதற்குப் போதிய சான்று. அதற்குள் பலர் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தனர். பொது முடக்கத்தால் 1 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் ஊர் திரும்பியதாக அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மே மாத மத்தியில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை உயர்ந்ததற்கு மகாராஷ்டிரத்தில் இருந்து திரும்பியவர்களே பெரும் காரணமாக இருந்தனர். ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளில் போகாத இட்லி

பெயரில் மாட்டுங்கா இருந்தாலும், 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' தாராவியின் ஒரு பகுதியே. அங்கும் சுற்றுப்புறத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் இட்லி அவித்து, வடை சுட்டு, சட்னி அரைத்துக் கொடுக்க, ஆண்கள் அலுமினியப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரம் முழுவதும் ஹாரன் அடித்து விற்று வருவார்கள். அலுவலகம் செல்லும் மும்பைவாசியின் மலிவான காலை உணவு இது. மார்ச் கடைசியில் இந்தத் தொழில் ஒரே நாளில் நின்றது. அலுவலகங்கள் இல்லை, புறநகர் ரயில்கள் இல்லை, தாராவியில் இருந்து வருபவர் என்றாலே மற்ற பகுதிகளில் கதவு சாத்தப்பட்டது.

தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020 ஜூன் 1-ஆம் தேதி 'பிரதமரின் ஸ்வநிதி' திட்டத்தைத் தொடங்கியது. ஓராண்டில் தவணையாகத் திருப்பிச் செலுத்தும் வகையில் ரூ. 10 ஆயிரம் கடன். ஒழுங்காகச் செலுத்தினால் 7 சதவீத வட்டி மானியம். மீண்டும் தொழில் தொடங்க இது பலருக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால், அது கடனே தவிர நிவாரணம் அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் அரிசிக்கும் வாடகைக்கும் வாங்கிய கைமாற்றின் மேல் மற்றொரு கடன் ஏறியது.

இங்கும் பட்டியல் குறுக்கிட்டது. கடன் பெற, வியாபாரி என்பதற்கு உள்ளாட்சி அமைப்பின் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். மும்பை மாநகராட்சி 2014-இல் நடத்திய கணக்கெடுப்பில் 99 ஆயிரத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்தன. பத்தாண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில் நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடைபெற்றபோது வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர் மட்டுமே. ஓரிடத்தில் நிற்காமல் சைக்கிளில் சுற்றி விற்பவருக்கு, அவர் எந்த வார்டின் வியாபாரி என்று எழுதுவதே சிக்கல்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வறுமை வேறு முகம் கொண்டது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வாயிலிலேயே தடுத்து நிறுத்தின. சில வீடுகளில் முழுச் சம்பளம் கொடுத்தார்கள். சில வீடுகளில் பாதி. பல வீடுகளில் 'வராத மாதத்துக்கு எதற்கு' என்ற கேள்வி. சாமானியர்களுக்குப் புறநகர் ரயில் 2021 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் குறிப்பிட்ட நேரங்களுக்குத் திறக்கப்பட்டது. பொது முடக்கத்தின் தொடக்க மாதங்களில் செம்பூரை அடுத்த சீத்தா கேம்ப்பில் இருந்து வேலைக்குச் செல்லும் பெண்கள் பேருந்துக்குக் காத்திருந்தனர், இல்லையேல் நடந்தனர். அணு ஆராய்ச்சி மையத்தின் அருகில் இருந்த ஜனதா காலனியை 1976-இல் அகற்றியபோது கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்களால் உருவானது சீத்தா கேம்ப். அங்கும் தமிழர்கள் கணிசமாக உள்ளனர்.

திருமணங்களை நம்பி வாழ்ந்த சமையல்காரர்கள், பரிமாறுவோர், நாகஸ்வர, தவில் கலைஞர்கள், சிறு கோயில்களின் அர்ச்சகர்கள் ஆகியோரும் மாட்டுங்கா வட்டாரத்தில் உண்டு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள்தான் இவர்களது ஆண்டு வருமானம். இவர்களை உள்ளடக்கிய பட்டியல் எதுவும் மும்பையில் இல்லை. கைநீட்டிப் பழக்கமில்லாதவர்கள் என்பதால் உணவுப் பொட்டலம் வழங்கும் வரிசையிலும் இவர்களைக் காண முடியவில்லை.

வாடகை பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று மாதங்களுக்கு வாடகை வசூலைத் தள்ளிவைக்குமாறும், எவரையும் வெளியேற்றக் கூடாது என்றும் மகாராஷ்டிர வீட்டுவசதித் துறை 2020 ஏப்ரல் 17-ஆம் தேதி வீட்டு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தள்ளிவைக்கச் சொன்னார்களே தவிர, தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. தாராவியில் வீட்டு உரிமையாளர் என்பவரும் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வசித்துக்கொண்டு, மேலே கட்டிய ஒற்றை அறையின் வாடகையில் காலம் தள்ளுபவர்தான். அவருக்கு ஈடு செய்ய எந்தத் திட்டமும் இல்லை.

சமைத்த உணவு விஷயத்தில் மகாராஷ்டிர அரசு விரைந்து செயல்பட்டது எனலாம். 2020 குடியரசு தினத்தன்று பத்து ரூபாய்க்குத் தொடங்கப்பட்ட 'சிவ போஜன்' உணவின் விலை மார்ச் இறுதியில் ஐந்து ரூபாயாகக் குறைக்கப்பட்டது. சப்பாத்தி, காய், பருப்பு, சோறு கொண்ட இந்தத் தட்டுக்கு எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. தமிழகத்தின் அம்மா உணவகத்தை நினைவூட்டும் திட்டம். பட்டியல் கேட்காத உதவி என்றால் அந்த மாதங்களில் இதுவும், தன்னார்வ அமைப்புகளும் தமிழ்ச் சங்கங்களும் கட்சிக்காரர்களும் மாநகராட்சியும் விநியோகித்த உணவுப் பொட்டலங்களுமே.

பிளேக் காலத்துச் சட்டம்

கொள்ளைநோய் மும்பைக்குப் புதிதல்ல. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டபோது மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு ஓடினர். மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு பயன்படுத்தியது. சோதனையிடவும் தடுக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் தரும் அச்சட்டத்தில், அடைத்துவைக்கப்பட்டவருக்குச் சோறு போடும் கடமை பற்றி ஒன்றுமில்லை.

பிளேக்கின் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, நெரிசலைக் குறைக்க வடக்கே புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. மரங்கள் அடர்ந்த அகலமான தெருக்களுடன் தாதர், மாட்டுங்கா பகுதிகள் உருவானது அப்படித்தான். பின்னாளில் தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தினர் அங்கு குடியேறினர். மறுபக்கம், நகரில் இருந்து விலக்கப்பட்ட தோல் பதனிடும் தொழில் சதுப்பு நிலமான தாராவிக்கு வந்தது. அதில் வேலை செய்யத் தமிழகத்தில் இருந்து தொழிலாளர்கள் வந்தனர்.

மீண்டும் முடக்கம்

மத்திய அரசின் இலவச தானியத் திட்டம் 2020 நவம்பருடன் நிறுத்தப்பட்டது. மகாராஷ்டிரத்தில் இரண்டாவது அலை 2021 பிப்ரவரி இறுதியிலேயே எழத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு முதல் கடும் கட்டுப்பாடுகளை அறிவித்த அப்போதைய முதல்வர் உத்தவ் தாக்கரே, முந்தைய நாளிலேயே ரூ. 5,476 கோடி நிவாரணத்தையும் சேர்த்து அறிவித்தார். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் 7 கோடி பேருக்கு ஒரு மாதத்துக்கு 3 கிலோ கோதுமை, 2 கிலோ அரிசி இலவசம். சிவ போஜன் இலவசம். பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், 5 லட்சம் தெருவோர வியாபாரிகள், உரிமம் பெற்ற 12 லட்சம் ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோருக்குத் தலா ரூ. 1,500.

முடக்கத்தையும் நிவாரணத்தையும் ஒரே மூச்சில் அறிவித்தது முந்தைய ஆண்டில் இருந்து கற்ற பாடம். வீட்டுப் பணியாளர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பட்டியலில் இடம்பெற்றது வரவேற்கத்தக்கதே. எனினும் அறிவிப்பில் பெயர்ச்சொற்களைவிட முக்கியமானவை 'பதிவு பெற்ற', 'உரிமம் பெற்ற' என்ற அடைமொழிகள்தாம். செம்பூரில் ஒருவருடைய உரிமத்தில் ஆட்டோ ஓடும். அதை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் இன்னொருவராக இருப்பார். உதவித்தொகை உரிமத்துக்கே உரியது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நல வாரியம் உண்டு. பதிவைக் காலாகாலத்தில் புதுப்பித்திருந்தவர்கள் மிகச் சிலரே.

அதே மே மாதம் தமிழகத்தில் பொறுப்பேற்ற முதல்வர் மு.க. ஸ்டாலின், 2.07 கோடி அரிசி அட்டைக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 4 ஆயிரம் வழங்கும் கோப்பில் கையெழுத்திட்டார். இரண்டு தவணைகளாக மே, ஜூன் மாதங்களில் பணமும், 14 வகை மளிகைப் பொருள்களும் கொடுக்கப்பட்டன. தாராவியில் ஒரே வீட்டில் வாழும் இரு சகோதரர்களில், ஊர் அட்டையில் பெயர் இருந்தவரின் குடும்பத்துக்கு 4 ஆயிரம். மும்பைக்குப் பெயர் மாற்றி வெள்ளை அட்டை பெற்றவருக்கு ஒன்றுமில்லை. மத்திய அரசு 2021 மே முதல் இலவச தானியத்தை மீண்டும் தொடங்கி, பலமுறை நீட்டித்தது. ஆனால், ஜன் தன் பெண்களுக்கான 500 ரூபாய் இரண்டாவது அலையில் திரும்ப வரவில்லை.

இலவச தானியத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2022 டிசம்பர் வரை மொத்தம் 28 மாதங்களில் சுமார் ரூ. 3.9 லட்சம் கோடி அதற்குச் செலவிடப்பட்டது. உள்ளே இருந்தவர்களைப் பட்டினியில் இருந்து காத்தது அதுதான். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே வரும் வழி வைக்கப்படவில்லை என்பதே குறை. பிரேசில் அரசு 2020 ஏப்ரலில், எந்தப் பட்டியலிலும் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்கள் கைப்பேசிச் செயலி மூலம் தாமே விண்ணப்பிக்க வழி செய்தது. மாதம் 600 ரியால் வீதம் சுமார் 6.8 கோடி பேருக்குக் கிடைத்தது. பாகிஸ்தானில் அடையாள எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பியவர்களின் தகுதி சரிபார்க்கப்பட்டு, குடும்பத்துக்கு 12 ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. அங்கும் தகுதியானவர்கள் விடுபட்டதுண்டு. ஆனால், கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

நீதிமன்றப் படிகளில்

புலம்பெயர் தொழிலாளர்களின் துயரம் குறித்துத் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் வலைதளத்தை ஜூலை 31-ஆம் தேதிக்குள் தொடங்க வேண்டும். அனைத்து மாநிலங்களும் அதே தேதிக்குள் ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தைச் செயல்படுத்த வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சவரம்பை மறுநிர்ணயம் செய்ய மத்திய அரசு நடவடிக்கை எடுக்கலாம் என நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா அமர்வு கூறியது. 'இ-ஷ்ரம்' வலைதளம் ஆகஸ்ட் 26-ஆம் தேதி தொடங்கப்பட்டது. பதிவு செய்தோரில் சுமார் 8 கோடி பேருக்குக் குடும்ப அட்டையே இல்லை எனப் பிறகு தெரியவந்தது. அவர்களுக்கு மூன்று மாதங்களில் அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரல் 20-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. 2024 அக்டோபரிலும் உத்தரவு முழுமையாக நிறைவேறாத நிலையில், பொறுமை எல்லை கடந்துவிட்டதாக உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

உச்சவரம்பை உயர்த்த வேண்டுமானால் புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாக வேண்டும் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு அது நடத்தப்படும் என 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளுக்கு 2024 ஜனவரி முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தானியம் இலவசம் என அறிவிக்கப்பட்டுள்ளதால், முத்திரை உள்ள அட்டைக்கும் இல்லாத அட்டைக்கும் இடையிலான வேறுபாடு இப்போது முன்னிலும் பெரிது.

இதற்கிடையே தாராவியில் வேறொரு பட்டியல் தயாராகியிருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து வசிப்பதை நிரூபிக்கும் கீழ்த்தளக் குடும்பங்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். கேட்கப்படும் ஆவணங்களில் பழைய குடும்ப அட்டையும் ஒன்று. ஊர் அட்டையை மட்டும் வைத்திருந்த குடும்பங்கள் மின்கட்டண ரசீதுகளையும் பழைய வாக்காளர் பட்டியல்களையும் தேடிக்கொண்டிருக்கின்றன.